அணங்கும் கள்வரும்: சென்னையில் மர்ம நாவல் வாசிப்பின் வரலாறு

அச்சம் என்னும் உணர்வுக்குத் தமிழ்க் கவிதையியலில் மிகப் பழைய இடம் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எண்ணும் எட்டு மெய்ப்பாடுகளுள் அதுவும் ஒன்று. அச்சம் பிறக்கும் களங்களாக அந்நூல் நான்கைச் சுட்டுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இந்நான்கையும் இருபதாம் நூற்றாண்டின் மர்ம நாவலோடு சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். பேய்க்கதை அணங்கிலிருந்தும், துப்பறியும் கதை கள்வரிலிருந்தும் தோன்றுகின்றன. காவலரும் வழக்கறிஞரும் நீதிமன்றமும் இறையின் இடத்தில் நிற்கின்றனர். விலங்கு, மனிதனுக்குள்ளேயே ஒளிந்துகொண்டுவிட்டது.

ஆயினும் அச்சத்தையே தம் எழுத்தின் முதற்பொருளாகக் கொண்ட நாவலாசிரியர்களைத் தமிழ் இலக்கிய வட்டங்கள் நெடுங்காலம் வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தியிருந்தன. அவர்களுடைய நூல்கள் வாடகை நூலகத்துக்கும் ரயில் பயணத்துக்கும் உரியவை என்று ஒதுக்கப்பட்டன. வெளியே நிறுத்தப்பட்ட அந்த எழுத்துக்குள் ஒரு பழந்தமிழ்க் கேள்வி விடாமல் ஒலித்துவந்தது. அதற்கு மிகுந்த துணிவோடு விடை மறுத்த நாவல்களுள் ஒன்று, லட்சக்கணக்கானோர் வாங்கிய வார இதழில் 1981ஆம் ஆண்டில் தொடராக வந்தது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அது. அந்நாவலை அதற்குரிய வரலாற்றில் வைத்து வாசிக்கும்போதுதான், அது என்ன செய்தது என்பதும், அதைப் புறக்கணித்ததால் இழந்தது எது என்பதும் தெளிவாகும்.

சுடுகாட்டில் ஒரு கேள்வி

மணிமேகலைக் காப்பியத்தின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் சார்ங்கலன் என்னும் இளைஞனின் கதை வருகிறது. புகார் நகரின் சுடுகாட்டுக்குள் தனியே நுழைந்துவிட்ட அவன், அங்கே பேய் ஒன்று பிணத்தின் தலையை ஏந்திக் களித்தாடுவதைக் காண்கிறான். நடுங்கி ஓடிவந்து, தன் உயிரைப் பேய்க்குக் கொடுத்துவிட்டதாகத் தாயிடம் சொல்லி இறந்துபோகிறான். மகனைப் பறித்தது அணங்கோ பேயோ என்று தாய் கோதமை அரற்றி, ஊர்த்தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தெய்வம் தரும் மறுமொழி வியப்புக்குரியது. அணங்கும் பேயும் உயிரைக் கவர்வதில்லை. அறியாமையைப் பற்றிக்கொண்டு வந்த ஊழ்வினையே அவன் உயிரைக் கொண்டுபோயிற்று என்கிறது அது.

பேய் இருந்தது, ஆனால் பேய் கொல்லவில்லை. அப்படியானால் கொன்றது யார்? கோதமையின் புலம்பல் ஒரு துப்புத்துலக்கும் கேள்வியாகவே அமைந்திருக்கிறது. அதற்குப் பௌத்தம் தன் விடையைத் தந்தது. காரைக்காலம்மையார் தம்மையே பேய் என்று அழைத்துக்கொண்டு, சுடுகாட்டை இறைவன் ஆடும் அரங்காக்கிய வழி வேறு. கலிங்கத்துப் பரணியில் செயங்கொண்டார் பேய்களைப் பசியும் நகைப்பும் கொண்ட ஒரு கூட்டமாக்கிப் போரைப் பாட வைத்த வழி மற்றொன்று. இம்மூன்று வழிகளிலும் பேய் இருப்பது ஐயத்துக்கு உரியதாக இல்லை. ஐயம் நுழைந்தது அச்சு இயந்திரத்தோடும் ஆங்கிலக் கல்வியோடும்தான்.

திருவல்லிக்கேணியில் துப்பறிவாளர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இலண்டனில் ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ் எழுதிய மர்மக்கதைகள் மலிவான பகுதிகளாக விற்கப்பட்டன. அந்நாட்டு இலக்கிய வரலாறு அவரைப் பெரிதும் மறந்துவிட்டது. இந்திய மொழிகள் மறக்கவில்லை. தமிழில் அவரைப் பரவலாக்கியவர் ஆரணி குப்புசாமி முதலியார். 'ஆனந்தபோதினி' இதழோடு இணைத்து அறியப்பட்ட அவர், ரெயினால்ட்ஸின் கதைகளையும் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளையும் தழுவி எழுதிக் குவித்தார். அவருடைய 'இரத்தினபுரி இரகசியம்' பல பாகங்களாக விரிந்தது. ஹோம்ஸ் அவர் கையில் ஆனந்தசிங்காக மாறினார்.

இத்தழுவல்களை எளிதில் இகழ்வோர் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தையாகப் போற்றப்படும் மறைமலையடிகள் 1911இல் வெளியிட்ட 'குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி' என்னும் நாவலும் ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவியதே. செந்தமிழ் நடைக்கும் மலிவுப் பதிப்புக்கும் ஊற்று ஒன்றாகவே இருந்தது.

ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வெளிவந்து, துப்பறியும் கோவிந்தனைத் தமிழ் வீடுகளுக்குள் அழைத்துவந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் அரசுப் பணியை விட்டு எழுத்தையே தொழிலாகக் கொண்டு, திருவல்லிக்கேணியில் வாழ்ந்தபடி 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'மாயாவிநோதப் பரதேசி' முதலியவற்றை எழுதினார். அவருடைய திகம்பர சாமியார் ஒரு துறவி, மாறுவேடத்தில் வல்லவர், அறிவால் மட்டுமே வெல்பவர். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் அக்கதையைப் படமாக்கியபோது எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றி அச்சாமியாராக நடித்தார். அதே திருவல்லிக்கேணியில் வை. மு. கோதைநாயகி 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவற்றுள்ளும் மர்மத்துக்குக் குறைவில்லை.

இந்நாவல்களில் பேய்போலத் தோன்றுவதெல்லாம் கடைசி அத்தியாயத்தில் மனிதனின் சூழ்ச்சியாகவே தெரியவரும். ஆங்கிலத்தில் ஆன் ராட்கிளிஃப் 1794இல் எழுதிய 'உடால்ஃபோ மர்மங்கள்' நாவலும் இதே வழியைப் பின்பற்றியது. அஞ்சவைத்து, இறுதியில் திரையை விலக்கி, அறிவுக்கு வெற்றி தேடித்தருவது இதன் முறை. சீர்திருத்தக் காலத்துத் தமிழ் வாசகருக்கு இது பெரிதும் உவந்ததாயிற்று. இரவெல்லாம் நடுங்கியவர் விடியலில் நவீனராக எழுந்தார்.

வாரந்தோறும் காத்திருத்தல்

திருவல்லிக்கேணியில் எழுதப்பட்ட கதைகளுக்குத் தெற்கே மயிலாப்பூரிலும், பின்னர் வளர்ந்த தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாசகர் பெருகினர். அலுவலகக் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், ஓய்வூதியர்கள், வீட்டிலிருந்த பெண்கள் ஆகியோர் நிறைந்த பகுதிகள் இவை. புத்தகம் விலைக்கு வாங்குவது அரிதாக இருந்த குடும்பங்களில் வார இதழ் ஒன்றே வீடு முழுவதற்கும் பொதுவானது. இதழ் வந்ததும் தொடர்கதையை யார் முதலில் படிப்பது என்பதில் பூசல் எழுந்தது. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்ட வீடுகளும் உண்டு. தொடர் முடிந்ததும் தாள்களைப் பிரித்தெடுத்துக் கோத்துப் பைண்டு செய்து அலமாரியில் வைத்தனர். கதையின் மறுபக்கத்தில் விளம்பரமும் சிரிப்புத் துணுக்கும் ஒட்டிக்கொண்டே வந்தன. தமிழ் நாவலின் மிகப் பெரிய தனியார் நூலகம் இத்தகைய பைண்டுகளால் ஆனது என்று சொன்னால் அது மிகையாகாது.

அடுத்த நிலை வாடகை நூலகம். 1955இல் கோபாலபுரத்தில் தொடங்கிய ஈஸ்வரி வாடகை நூலகம் இவ்வகையில் பெயர் பெற்றது. தெருமுனையில் ஓர் அறையில் இயங்கிய சிறு நூலகங்கள் பல. அட்டைமேல் பழுப்புத் தாள் ஒட்டி எண் எழுதிய நாவல், மயிலாப்பூர் மாடவீதியிலிருந்து மந்தைவெளி வரை கைமாறிச் சுற்றியது. லஸ் நடைபாதையில் பழைய புத்தகங்களைக் குவித்து விற்ற கடையில் பாடநூல்களோடு மர்ம நாவலும் கிடைத்தது. கல்விக்கூடமோ விமரிசகரோ பரிந்துரைக்காத நூலை மக்கள் தாமே ஒருவருக்கொருவர் பரிந்துரைத்துக்கொண்ட வழி இது.

பதிப்பகங்களும் இப்பகுதிகளிலேயே வேரூன்றின. மயிலாப்பூரில் 1901இல் தொடங்கிய அல்லயன்ஸ், தேவனின் நூல்களை வெளியிட்டது. தேவனின் 'துப்பறியும் சாம்பு', துப்பறியும் கதையின் மேதைமையையே கேலி செய்தது: அசட்டுத்தனமும் அதிர்ஷ்டமும் கூடி, அறிவாளிகள் தோற்ற இடத்தில் சாம்புவை வெற்றி பெறச் செய்கின்றன. ஒரு வகைமையைக் கேலி செய்யும் நூல் மக்களுக்குப் புரிய வேண்டுமானால், அவ்வகைமை முன்பே அவர்களுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். தியாகராய நகரின் மணிமேகலைப் பிரசுரம் தமிழ்வாணனின் சங்கர்லாலை உலகெங்கும் அனுப்பிற்று. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக அறியப்பட்ட தமிழ்வாணன் 'கல்கண்டு' வழியே இளைஞரிடம் தூய தமிழ்ப் பெயர்களையும் நல்ல தமிழ் நடையையும் கொண்டுசேர்த்தார் என்பதை அவருடைய விமரிசகர்களும் மறுப்பதில்லை.

விடை தராத கதையின் சுவையையும் வார இதழ் வாசகர் அறிந்தே இருந்தனர். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை எது என்பதற்குக் கல்கி முற்ற முடிந்த விடையொன்றைத் தந்துவிடவில்லை. எத்தனையோ வீடுகளில் அந்தக் கேள்வி தலைமுறை கடந்தும் விவாதிக்கப்பட்டது. ஆயினும் அது வரலாற்றின் மௌனம். அணங்கின் மௌனம் வேறு.

மயிலாப்பூரில் காஞ்சனை

இறந்தவர் மீளும் கதை மயிலாப்பூருக்குப் புதிதன்று. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்து, திருஞானசம்பந்தரின் பதிகம் அவளை உயிரோடு எழுப்பிய தலம் அது. கபாலீசுவரர் கோயிலில் அவளுக்குச் சந்நிதி உண்டு. அந்த மீட்சியை ஊர் அஞ்சவில்லை, வழிபட்டது. கவிதை இறந்தவளை அழைத்தது, அவள் வந்தாள் என்பதில் அச்சத்துக்கு இடமில்லை.

அதே மயிலாப்பூரிலிருந்து வெளிவந்த 'கலைமகள்' இதழில் 1943இல் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' வந்தது. நவீனக் கதை எழுதும் ஒருவனின் வீட்டுக்குள் காஞ்சனை என்றொரு பெண் வேலைக்காரியாக வந்து சேர்கிறாள். நள்ளிரவில் பிணவாடை வீசுகிறது. அறிவை நம்பும் கதைசொல்லிக்கு, தான் கண்டது கனவா நனவா என்று தெரியவில்லை. அவன் மனைவிக்கோ எதுவும் தெரியாது. இறுதியில் கிடைக்கும் விபூதியும் விளக்கமும் எதையும் முடித்துவைப்பதில்லை.

பிரெஞ்சு மொழியில் எழுதிய திறனாய்வாளர் த்ஸ்வெதான் தொதொரோவ் 1970இல் வெளியிட்ட நூலொன்றில் மாயப் புனைவுக்கு ஓர் இலக்கணம் வகுத்தார். நிகழ்ந்தது இயற்கையானதா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்று வாசகர் தயங்கி நிற்கும் அந்தக் கணமே மாயப் புனைவு. விடை கிடைத்த உடனே அது வேறு வகையாகிவிடும் என்பது அவர் கருத்து. ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய 'திருகாணியின் முறுக்கு' அத்தயக்கத்துக்கு உலகறிந்த சான்று. தமிழில் அதற்கு முதற்சான்றாக நிற்பது 'காஞ்சனை'. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தவரும் புதுமைப்பித்தனே என்பதையும் இங்கே சேர்த்து நினைக்கலாம். தழுவல்களைக் கடுமையாகச் சாடிய அவர், திகில் என்னும் சுவையை இழிவாகக் கருதவில்லை.

இக்கதையை இலக்கிய உலகம் ஏற்றது, தொகுப்புகளில் சேர்த்தது, ஆராய்ந்தது. அது சரியே. ஆனால் அதே தயக்கம் வார இதழின் நெருக்கடிக்குள், பல மடங்கு பெருகிய வாசகரிடம் கொண்டுசெல்லப்பட்டபோது அதை எவரும் அங்ஙனம் வாசிக்கவில்லை.

கணேஷும் வசந்தும்

எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா 1935 மே 3 அன்று திருவல்லிக்கேணியில் பிறந்து, திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தவர். மின்னணுப் பொறியியல் பயின்று, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. ஓய்வுக்குப் பின் தென்சென்னையில் குடியமர்ந்து, 2008 பிப்ரவரி 27 அன்று மறையும்வரை எழுதிக்கொண்டிருந்தார்.

1968இல் 'குமுதம்' இதழில் வந்த 'நைலான் கயிறு' அவருடைய முதல் தொடர்கதை. அதில் அறிமுகமான வழக்கறிஞர் கணேஷுக்குப் பின்னர் வசந்த் என்னும் இளைய துணைவர் வாய்த்தார். கணேஷ் நிதானமானவர், சான்று கேட்பவர். வசந்த் துடுக்கானவர், சொல்லில் விளையாடுபவர். தமிழ் வாசகர் அவர்களைத் தம் உறவினர்போலப் பழகினர். சுஜாதாவின் கதைகளுக்கு ஜெயராஜ் வரைந்த ஓவியங்கள் அவர்களுக்கு முகமும் தந்தன.

'கொலையுதிர் காலம்' என்ற தலைப்பே ஒரு கவிஞனின் சிலேடை. ஓரெழுத்தை மாற்றியதில் இலை கொலையாகிறது. பருவம் அப்படியே நிற்கிறது. கதையின் அமைப்பு எளியது. ஒரு பழைய பண்ணை வீடு. சொத்துக்கு உரியவளாகப் போகும் லீனா என்னும் இளம்பெண். இடையில் நிற்கும் சித்தப்பா. அக்குடும்பத்தில் முன்னொரு காலத்தில் கொல்லப்பட்ட பெண்ணின் ஆவி உலவுகிறது என்னும் பேச்சு. சொத்து விவகாரத்துக்காகச் செல்லும் கணேஷும் வசந்தும் அந்த ஆவியைத் தம் கண்களாலேயே காண நேர்கிறது. பின்னர்க் கொலைகள் விழுகின்றன.

இதுவரை வடுவூராரும் எழுதியிருக்கக்கூடிய கதைதான். சுஜாதா புதிதாகச் செய்தது, இரு விளக்கங்களையும் சமவலிமையோடு எதிரெதிரே நிறுத்தியதாகும். கணேஷ் அறிவியலில் காரணம் தேடுகிறார். ஒளிக்கதிர்களால் வெற்றுவெளியில் முப்பரிமாண உருவை நிறுத்தும் ஹோலோகிராம் என்னும் உத்தி கதைக்குள் வருகிறது. டென்னிஸ் கபோர் 1947இல் கண்டறிந்து, 1960இல் லேசர் பிறந்த பின்னரே செயலுக்கு வந்து, 1971இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசைத் தேடித்தந்த நுட்பம் அது. ஒரு பொருளின்மீது பட்டுத் திரும்பும் ஒளியையும், அதே மூலத்திலிருந்து நேரே வரும் ஒளியையும் ஒரு தகட்டில் சந்திக்கச் செய்து, அவற்றின் பின்னலைப் பதிவதே அதன் அடிப்படை. பதிவின்மீது மீண்டும் ஒளி பட்டால், இல்லாத பொருள் இருப்பதுபோல நிற்கும். 1981இல் தமிழ் வார இதழ் வாசகர்களுள் பெரும்பாலோர் இச்சொல்லை முதன்முதலாகக் கேட்டது ஒரு பேய்க்கதையில்தான்.

வசந்த் இந்த விளக்கத்தில் நிறைவடைவதில்லை. கண்ட காட்சி அவரை உலுக்கிவிடுகிறது. அறிவியல் விளக்குபவை விளக்குபவையாகவே இருக்க, விளக்காதவை எஞ்சுகின்றன என்பது அவர் நிலை. நாவல் முடியும்போது குற்றத்துக்கு மனிதக் காரணம் கிடைக்கிறது. ஆயினும் ஒரு நிழல் விலகாமல் நிற்கிறது. கணேஷ் வென்றாரா, வசந்த் வென்றாரா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை.

இதன் பொருள் சிறிதன்று. அறிவியலைத் தமிழில் பரப்புவதையே தம் கடமையாகக் கொண்ட பொறியாளர் ஒருவர், தம் அறிவியலுக்கே முழு வெற்றி அளிக்க மறுத்திருக்கிறார். கோதமைக்குச் சம்பாபதி தந்ததுபோன்ற தீர்ப்பு இங்கே எவருக்கும் கிடைப்பதில்லை. திகம்பர சாமியாரின் காலத்து வாசகர் கடைசிப் பக்கத்தில் அடைந்த நிம்மதியும் இல்லை. 'காஞ்சனை'யைச் சிற்றிலக்கிய வட்டம் கொண்டாடிய அதே காரணத்துக்காக, இந்நாவலைத் தியாகராய நகரின் பேருந்து நிறுத்தத்தில் நின்றவரும் மயிலாப்பூர் மாடியில் துணி உலர்த்தியவரும் தம்மையறியாமல் விவாதித்துக்கொண்டிருந்தனர். தயக்கம் என்பது கற்றவர்க்கு மட்டும் உரிய சுவை என்ற எண்ணத்தை அவ்விவாதங்கள் பொய்யாக்கின.

நிறையும் குறையும்

இப்புகழுரை குறைகளை மறைத்துவிடலாகாது. வாரத்தொடரின் முதற்கட்டளை, ஒவ்வொரு வாரமும் ஓர் அதிர்ச்சியில் முடிய வேண்டும் என்பது. தனித்தனியே சுவைத்த அந்த அதிர்ச்சிகள் நூலாகத் தொகுக்கப்பட்டபோது செயற்கையாகத் தோன்றுவதுண்டு. இரண்டாம் முறை படிப்பவருக்குக் கொலையாளி தெரிந்துவிடுவதால் பல அத்தியாயங்கள் உதிர்ந்துபோகின்றன. இதைவிடக் கடுமையான குறை, பெண்களைப் பற்றிய வருணனை. வசந்தின் துடுக்குப் பேச்சில் பெண் பெரும்பாலும் பார்வைக்குரிய உடலாகவே வருகிறாள். அஞ்சி நடுங்குவதும் அஞ்சவைப்பதும் பெண்ணே. ஆராய்வதும் விவாதிப்பதும் ஆண்களே. கொல்லப்பட்ட பெண்ணின் ஆவி பழிதீர்க்க வருவதைத் தமிழ்க் கதைமரபு பலமுறை சொல்லியிருக்கிறது. அவள் ஏன் உயிரோடிருந்தபோது நீதி பெறவில்லை என்று கேட்டது குறைவு. இத்தகைய வாசிப்புக்கு இந்நாவல்கள் உட்படுத்தப்பட வேண்டும். ஆனால் குறைகாணவும் முதலில் வாசித்தாக வேண்டும். வாசிக்காமல் ஒதுக்கியதில் விமரிசனம் நடைபெறவில்லை.

புதுக்கவிதைக்குத் தோள்கொடுத்த 'எழுத்து' இதழ் 1959இல் திருவல்லிக்கேணியிலிருந்தே வெளிவந்தது. மிகச் சில வாசகரோடு சி. சு. செல்லப்பா அதை நடத்தினார். அந்தச் சிறுமையே அதன் பெருமை. வார இதழ்களின் பெருக்கத்துக்கு எதிராக எழுந்த தற்காப்பு என்பதால் சிற்றிதழின் கடுமையைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆயினும் இரு கரைகளுக்கும் இடையில் ஓடம் விட்டவர்கள் இருந்தனர். சுஜாதா 'குமுத'த்தில் கொலைக்கதை எழுதிய காலத்திலேயே 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்தில் கவிதைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். ஹைக்கூவுக்கு எளிய அறிமுக நூல் தந்தார். புறநானூற்றை இன்றைய வாசகருக்கு ஏற்ப எடுத்துரைத்தார். நா. முத்துக்குமாரின் 'தூர்' என்னும் கவிதையை ஊரறியச் செய்ததில் அவருக்குப் பெரும்பங்குண்டு. கவிஞர் பலருக்கு முதல் வாசகர் கூட்டம் கிடைத்தது, கொலைக்கதையால் பெற்ற செல்வாக்கை அவர் கவிதைக்குச் செலவிட்டதால்தான்.

இத்தகைய பூசல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2003இல் அமெரிக்கத் தேசிய நூல் அறக்கட்டளை, திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்குக்கு வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் வழங்கியபோது, திறனாய்வாளர் ஹெரால்ட் ப்ளூம் அதைக் கடுமையாக எதிர்த்தார். விவாதம் பெரிதாயிற்று, ஆனால் விவாதித்தவர்களின் முன் கிங்கின் நூல்கள் இருந்தன. நூலகங்கள் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தன.

எஞ்சியிருப்பவை

எண்பதுகளில் மர்ம நாவல் மாதந்தோறும் வரும் மலிவு இதழாக உருமாறியது. கோயம்புத்தூரின் ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். பட்டுக்கோட்டை பிரபாகரும் சுபா என்னும் இரட்டையரும் தத்தம் துப்பறிவாளர் இணைகளைப் படைத்தனர். மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன், அணங்கை மீண்டும் கிராமத்துக் கோயிலுக்கும் சித்தர் மரபுக்கும் அழைத்துச் சென்றார். தொண்ணூறுகளில் கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில், நாகாவின் இயக்கத்தில் வந்த 'மர்மதேசம்' தொடரால், குறிப்பாக 'விடாது கருப்பு' பகுதியால், அவர் கதைகள் தொலைக்காட்சி உள்ள வீடெங்கும் நுழைந்தன. காவல்தெய்வம் தண்டிக்கிறதா, தெய்வத்தின் பெயரால் மனிதன் தண்டிக்கிறானா என்னும் கேள்வியில் பழைய தயக்கமே வேறு உடையில் வந்தது. 2024 நவம்பரில் அவர் மறைந்தபோது துயருற்றோரில் பலர், அவருடைய கதைகளைப் படித்ததைவிடப் பார்த்தே அஞ்சியவர்கள்.

தொலைக்காட்சி வளர வளர வாடகை நூலகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பைண்டு செய்த தொடர்கதைகள் வீடு மாற்றும்போதும், பழைய வீடுகள் இடிந்து அடுக்கங்கள் எழுந்தபோதும் எடைக்குப் போயின. ஆரணி குப்புசாமி முதலியார் எழுதியவற்றுள் பலவற்றின் முழுத்தொகுதியைக் காண்பது இன்று அரிது. மாத நாவல்களை எவரும் சேர்த்து வைக்கும் பொருளாகவே எண்ணவில்லை. சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் தமிழ் வெகுசனக் கதைகளைப் பிரீதம் கே. சக்கரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுத்து வெளியிட்டபோது, இவ்வெழுத்தை உலகம் திரும்பிப் பார்த்தது. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் ஆர்வத்தோடு வாங்கிய அக்கதைகளின் மூல இதழ்கள், தமிழ் தெரிந்தவர்களின் வீட்டில் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கிய ரோஜா முத்தையா, அச்சில் வந்த தமிழை உயர்வு தாழ்வு பாராமல் சேர்த்தார். சமய நூலும் நாடக விளம்பரத் துண்டும் மலிவு நாவலும் அவர் வீட்டில் ஒரே கூரையின்கீழ் இருந்தன. அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அச்சேகரம் சென்னைக்கு வந்து ஆய்வு நூலகமாயிற்று. பின்னர் தென்சென்னையின் தரமணியில் நிலைகொண்டது. தமிழ் நாவலின் முதல் அரை நூற்றாண்டைப் பற்றி எழுத முனைவோர் இன்று அங்கே செல்கின்றனர். எது இலக்கியம் என்று அந்த ஓவியர் முன்கூட்டியே தீர்ப்பு எழுதியிருந்தால், அவர்கள் படிப்பதற்கு அங்கே பாதிகூட இருந்திராது.

கவிஞர்கள் கூடும் வட்டங்களுக்கு இந்த வரலாற்றில் ஒரு பணி காத்திருக்கிறது. திறனாய்வு அரங்கம் ஒன்றை மர்ம நாவலுக்கு ஒதுக்குவது அதன் ஒரு பாதி. வட்டத்தின் உறுப்பினர் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கும் பைண்டுகளை, எடைக்குப் போகுமுன் இறக்கிவைப்பது மறுபாதி. தூசு தட்டித் திறந்தால், கதையின் நடுவே வசந்த் இன்னமும் கணேஷோடு வாதாடிக்கொண்டிருப்பார். கோதமை கேட்ட கேள்விதான் அது. நூற்றாண்டுகள் பல கடந்தும் தமிழ் அதைக் கேட்டு முடிக்கவில்லை.